எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்பே சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவது எப்படி?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அல்லது குறிக்கப் போகிறார்கள். டாக்டரோ டயட்டீஷியனோ ஒரு தாளைக் கையில் கொடுத்து, "கடைசி இரண்டு வாரம் இப்படிச் சாப்பிடுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தத் தாள்தான் முன்தயாரிப்பு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பாதி வேலைதான். அந்த இரண்டு வாரப் பத்தியம் உங்கள் கல்லீரலைச் சுருக்குவதற்காக. நீங்கள் சாப்பிடும் விதத்தை மாற்றுவது வேறு வேலை. அதற்கு இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள்தான் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் திண்டாடுகிறார்கள்.

உள்ளே என்ன மாறப் போகிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். தொடக்கத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டி எடுப்பதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து, சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சின்னப் பையாக்கி, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதில் இணைக்கிறார்கள். மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே சாப்பாடு கீழே இறங்கிவிடும். மினி பைபாஸ் என்று சொல்வதும் இதே யோசனைதான். குடலை இணைக்கும் இடம் மட்டும் இரண்டுக்குப் பதில் ஒன்று.

எந்த முறையானாலும் மாறுவது வயிறுதான். தட்டைப் பார்த்ததும் அளவு போடும் கண், பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்யும் கை, நாலு மணி ஆனால் வடையைத் தேடும் மனசு எல்லாம் அப்படியே உங்களோடு வீட்டுக்குத் திரும்பி வரும். பழைய வேகத்தோடு புது வயிற்றில் சாப்பிட்டால் நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். அதனால்தான் பயிற்சியை இப்போதே, வயிறு பழையபடி பொறுத்துக்கொள்ளும்போதே, தொடங்கச் சொல்கிறேன்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, ஏன் சாப்பிட்டேன் என்று மூன்று கட்டம் போடுங்கள். முதல் இரண்டும் எல்லோருக்கும் வரும். மூன்றாவதுதான் முக்கியம். பசி, வழக்கம், யாரோ கொடுத்தார்கள், எரிச்சல், சும்மா இருந்தேன் என ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

நோட்டில் ஏறாமல் தப்பித்துப் போகும் சில விஷயங்கள் உண்டு. சமைக்கும்போது உப்புப் பார்க்க எடுத்த கரண்டி, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசை, காபியில் போட்ட சர்க்கரை, டிவி முன்னால் கையில் இருந்த மிக்சர் டப்பா. இவற்றையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள், வாரத்தின் உண்மை முகம் அன்றைக்குத்தான் தெரியும்.

எழுதியதைப் படிக்கும்போது, பசிக்காமலே கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் குற்ற உணர்வில் தவிக்கும் நாட்கள் அடிக்கடி வந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. மனநல ஆலோசகரை ஆபரேஷன் குழுவில் வைத்திருப்பதே இதற்காகத்தான். முன்பே தெரிந்தால் அதற்கும் சிகிச்சை தொடங்கலாம்.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த விதிமுறையின்படி, மருத்துவக் காப்பீட்டில் எடைக் குறைப்பு ஆபரேஷனை ஏற்கச் சில நிபந்தனைகள் உள்ளன. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்ற ஒன்று கூடவே இருக்க வேண்டும். சாதாரண முறைகளில் முயன்றும் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். டயட்டீஷியனைப் பார்த்த சீட்டுகள், எடைக் குறிப்புகள், இந்த நோட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் ஆபரேஷனைப் பரிந்துரைக்கும் அளவும் காப்பீடு ஏற்கும் அளவும் ஒன்றல்ல. ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் வந்த உலகளாவிய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.

மெல்லுவதும் தண்ணீரும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிப்பேன் என்று நீங்கள் சொன்னால், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நம் ஊர்ச் சாப்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைகிறோம். குழைந்ததை உருட்டி வாயில் போட்டால் இரண்டு மெல்லில் தொண்டையில் இறங்கிவிடுகிறது. அடுத்தது ரசம் சாதம். அதை மெல்லவே தேவையில்லை. கடைசியில் மோர் சாதம், அதையும் கிட்டத்தட்டக் குடிக்கிறோம். இடையில் விக்கினால் பக்கத்தில் செம்பில் தண்ணீர். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே கை அடுத்ததை உருட்டித் தயாராக வைத்திருக்கிறது. மொத்தத்தில் பல்லுக்கு வேலையே இல்லாத சாப்பாடு.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை, இருபது முப்பது முறை மெல்ல வேண்டியிருக்கும். சரியாக மெல்லாத இறைச்சித் துண்டோ, வழவழவென்று உருண்டையாக இறங்கிய சோறோ, புதுப் பையின் வாயில் போய் நின்றுகொள்ளும். அந்த அடைப்பின் வலியை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பயிற்சியை இப்படித் தொடங்கலாம். பெரிய தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு டிபன் தட்டில் சாப்பிடுங்கள். கையால் சாப்பிடுவதைச் சில வாரம் நிறுத்திவிட்டு டீஸ்பூனுக்கு மாறுங்கள். முதல் இரண்டு நாள் சிறுபிள்ளை மாதிரி இருக்கும், பழகிவிடும். ஒரு வாய் வைத்ததும் ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். விழுங்கிய பிறகே மறுபடி எடுக்க வேண்டும். போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அதற்கு முன்னால் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். வீட்டில் அவசரமில்லாத ஒரு வேளையை, அனேகமாக இரவுச் சாப்பாட்டை, எடுத்துக்கொண்டு அது கைவந்த பிறகு அடுத்ததுக்குப் போகலாம். டிவி முன்னால் மட்டும் வேண்டாம். ஐபிஎல் ஓடும்போது யாரும் இருபது முறை மென்றதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தண்ணீர். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது; முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். இது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் விதி. சின்னப் பையில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து இடமில்லை. தவிர, தண்ணீர் சாப்பாட்டைக் கீழே அடித்துச் சென்றுவிட்டால் சீக்கிரமே பசிக்கும். செம்பை மேசையிலிருந்து எடுத்துவிடுவதுதான் இதற்கு எளிய வழி. கண்ணில் பட்டால் கை போகும். ரசத்தை விட மனமில்லாதவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் தனியாகக் குடித்துவிடலாம். மோரைப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நகர்த்திவிடுங்கள்.

இதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: அண்ணாந்து குடிப்பது. வாயில் வைக்காமல் தூக்கி ஊற்றும்போது மடக் மடக்கென்று நிறையத் தண்ணீரும், கூடவே காற்றும் உள்ளே போகிறது. ஆபரேஷன் முடிந்த நாட்களில் 30 மில்லி கப்பில் சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிக்கச் சொல்வார்கள். எச்சில் படுமே என்று கூச்சப்படாமல் உங்களுக்கென்று ஒரு டம்ளர், ஒரு பாட்டில் ஒதுக்கிக்கொண்டு, உதட்டில் வைத்துச் சின்னச் சின்ன வாயாகக் குடித்துப் பழகுங்கள். அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து குடித்துக்கொண்டே இருந்தால்தான் முடியும் என்பது புரிந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வாரங்களில் பலரை வாட்டுவது பசி அல்ல, இந்தத் தண்ணீர்க் கணக்குதான்.

சோற்றை ஓரத்துக்கு நகர்த்துவது

நம் தட்டில் சோறுதான் சாப்பாடு. மீன், முட்டை, பருப்பு, சுண்டல் எல்லாம் தொட்டுக்கொள்ள. ஆபரேஷனுக்குப் பிறகு இது தலைகீழாக வேண்டும். அப்போது ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும். உங்களுக்கான அளவை டயட்டீஷியன் சொல்வார். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், உடம்பு தளரும், முடி கொட்டும்.

அந்த 60 கிராம் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20. 100 கிராம் பனீரில் 18 முதல் 20 வரை. 200 மில்லி பாலில் ஆறேழு கிராம், அதே அளவு தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டு, ஒன்பது. காய்ந்த சோயா உருண்டை 25 கிராமில் 13 வரை. ஒரு இட்லியில் 2 கிராம்தான், ஒரு கப் சோற்றில் நாலு. நாலு இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், கணக்கு நிறையாது. சாம்பாரையும் ரொம்ப நம்ப வேண்டாம். அதில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

மாற்றத்தைத் தட்டில் எடுக்கும் வரிசையிலிருந்து தொடங்குங்கள். முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டிப் பருப்பு போன்றவை. அடுத்து காய். கடைசியில் சோறு. பந்தியில் பொரியலைத் தொட்டுத் தொட்டுச் சோற்றைத் தள்ளும் வழக்கத்துக்கு இது நேரெதிர். முதல் சில நாள் வெறும் வாயில் மீன் தின்பதுபோல இருக்கும். உப்பையும் காரத்தையும் குறைத்துச் சமைத்தால் தனியாகச் சாப்பிட முடியும். சோற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கணக்குப் போட்டுத்தானே நம் குழம்புகள் அவ்வளவு உறைப்பாக இருக்கின்றன.

சோற்றின் அளவை ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிடுபவராக இருந்தால் முதலில் ரசம் சாதத்தை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மீதியை ஒரு கப்புக்குக் கொண்டுவாருங்கள். கப் என்றால் அளவுக் கப். கரண்டியோ கண் அளவோ அல்ல. இரவில் தோசை என்றால் இரண்டோடு நிறுத்தி, ஒன்றின் மேல் முட்டை ஊற்றிக்கொள்ளலாம். மாவு இறுகாத மொறு தோசை பிற்காலத்திலும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. பரோட்டா, பிரெட், குழைந்த சோறு போன்று வாயில் பசையாக ஒட்டும் பண்டங்கள்தான் அதிகம் தொந்தரவு தருபவை.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கை நிறைவு செய்வது கூடுதல் சிரமம். பனீர், தயிர், சோயா, சுண்டல் நான்கையும் தினமும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கும். புரட்டாசியில் மாதம் முழுக்க அசைவத்தை நிறுத்துபவர்களும் அந்த மாதத்துக்கான கணக்கை முன்பே டயட்டீஷியனோடு போட்டுவைப்பது நல்லது.

ஆபரேஷன் முடிந்த புதிதில் இவ்வளவையும் உணவாகவே சாப்பிட முடியாது. புரதப் பவுடர் தேவைப்படும். அதை இப்போதே சுவைத்துப் பாருங்கள். இரண்டு கிலோ டப்பாவை வாங்கிவிடாதீர்கள். ஒரு வேளைக்கான சின்னப் பாக்கெட்டுகளில் இரண்டு மூன்று வகையை வாங்கிப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு நாக்கின் ருசி மாறிவிடுகிறது. இன்று பிடித்த சாக்லேட் வாசம் அன்றைக்குக் குமட்டலாம். இனிப்பில்லாத வகை ஒன்றும் இருக்கட்டும். சூப்பிலோ நீர்மோரிலோ கலந்து குடிக்கலாம். பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் வே ஐசோலேட் (பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய பால் புரதம்) வகையைக் கேளுங்கள்.

காபி, நொறுக்கு, சோடா

காபியும் டீயும் நாளைக்கு நாலைந்து என்றால் இப்போதே குறைக்கத் தொடங்குங்கள். ஆபரேஷன் முடிந்த ஆரம்ப வாரங்களில் பல மருத்துவமனைகளில் காபியை நிறுத்தச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். அது ஆபரேஷனால் வந்த வலியா, காபி இல்லாத வலியா என்று தெரியாமல் தவிப்பீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளரைக் குறைத்து வந்தால் தெரியாது. சர்க்கரையைக் கால் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வரலாம். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பை ஒரு பிடி பிடித்தால் கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி என்று உடம்பு புரட்டிப் போட்டுவிடும். இனிப்பு நாக்கை இப்போதே அடக்கி வைத்தால் அந்தப் பாடம் தேவைப்படாது.

முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம் விஷயத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இவை வாயிலேயே கரைந்து சின்னப் பை வழியாகத் தடையில்லாமல் இறங்கிவிடும். கோழி இரண்டு துண்டிலேயே போதும் என்று சொல்லும் வயிறு, மிக்சருக்கு ஒன்றும் சொல்லாது. ஆபரேஷன் செய்தும் ஓரிரு வருடத்தில் எடை திரும்பியவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால் இந்த வரிகள் அடிக்கடி வரும். மாலையில் ஏதாவது கடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் சுண்டலுக்கோ, அவித்த முட்டைக்கோ மாறிக்கொள்ளுங்கள். வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது மனஉறுதியைவிடப் பலமான வழி.

சோடா, கோலா வகைகளை இன்றே விடலாம். மது: ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் வேகமாக ஏறும், கொஞ்சம் குடித்தாலே போதை வரும், சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை மதுவில் தேடிப் பழகிவிடுபவர்களும் உண்டு. சிகரெட், பீடியை ஆறு வாரத்துக்கு முன்பாவது முழுசாக நிறுத்தியிருக்க வேண்டும். தையல் ஆறுவதும், பைபாஸ் இணைப்பில் புண் வராமல் இருப்பதும் அதைப் பொறுத்தவை.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை கூடியவர்களில் இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் குறைவு. பைபாஸ் வயிற்றில் இவை புண்ணை உண்டாக்கும். மாற்று மருந்தை இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனையில் தெரியும் பட்டினி

உடம்பு பெரிதாக இருப்பதால் சத்துக்குக் குறைவில்லை என்று நினைக்க வேண்டாம். வைட்டமின் டி, பி12, இரும்புச் சத்து மூன்றில் ஒன்றாவது குறைவாக இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு வருபவர்களில் நிறைய. சைவம் சாப்பிடுபவர்களில் பி12, பெண்களில் இரும்பு. பிறகு உறிஞ்சும் திறனும் குறையப் போகிறது என்பதால், பள்ளத்தை இப்போதே நிரப்பிவிட வேண்டும். அந்த முடிவுகளைக் கேட்டு வாங்கி டயட்டீஷியனிடம் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும். மாத்திரை நேரத்தையும் இப்போதே பழகலாம். இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் பாதி வீண். காலை காபியோடு எல்லா மாத்திரையையும் உள்ளே தள்ளும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

கடைசி இரண்டு வாரம்: கல்லீரலுக்கான பத்தியம்

இனி அந்தத் தாளுக்கு வருவோம். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையில் வேலை செய்ய முடியும். எடை கூடியவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்து, பெரிதாகி, எளிதில் கிழிந்து ரத்தம் வரும் நிலையில் இருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் தன் கையிருப்பில் இருக்கும் கிளைக்கோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால் அதுவும் வெளியேறுகிறது. பின்னாலேயே கொழுப்பும் கரைகிறது. இரண்டு வாரத்தில் கல்லீரல் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கி மென்மையாகிவிடும். சர்ஜனுக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும் இதனால்தான். பாதி தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக நாளைக்கு 800 முதல் 1,200 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் கூடுதல் என்று இருக்கும். சில இடங்களில் முழுக்கத் திரவம், சில இடங்களில் ஒரு வேளை மட்டும் திட உணவு. எடை மிக அதிகமானவர்களுக்கு நாலு வாரம் வரை நீட்டுவதுண்டு. உங்களுக்குக் கொடுத்த தாள்தான் கணக்கு. ஒரு நாள் ஏறக்குறைய எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் ஒரு மாதிரி சொல்கிறேன்.

காலையில் கொழுப்பு நீக்கிய பாலில் கலந்த புரதப் பவுடர் ஒரு டம்ளர். பதினோரு மணிக்குக் கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப்போட்டு வடிகட்டிய நீர்மோர். மதியம் எண்ணெய் தடவித் தவாவில் சுட்ட மீனோ கோழியோ 100 கிராம், அல்லது அதே அளவு பனீர். தேங்காய் போடாத புடலங்காய், சுரைக்காய், முட்டைக்கோஸ், பீன்ஸ் பொரியல் ஒரு கிண்ணம் நிறைய. தயிர் ஒரு சின்னக் கப். மாலையில் காய்கறி சூப். இரவில் இரண்டு முட்டையும் கீரையும், அல்லது இன்னொரு டம்ளர் புரதப் பால். நடுநடுவே தண்ணீர், சீரகத் தண்ணீர், தெளிந்த ரசம் என்று இரண்டு லிட்டருக்குக் குறையாமல்.

சோறு, இட்லி, சப்பாத்தி மட்டுமல்ல, கிழங்குகளும், வாழைப்பழமும், மாம்பழமும், பழச்சாறும் இந்தப் பதினைந்து நாளில் கிடையாது. கேழ்வரகுக் கூழும் சத்துமாவுக் கஞ்சியும் உடம்புக்கு நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் அவையும் மாவுச்சத்து. இப்போது வேண்டாம்.

இரண்டாவது மூன்றாவது நாள்தான் கடினம். தலைவலி, எரிச்சல், சோர்வு வரும். வாயில் ஒருவித வாடையும் வரலாம். உப்புப் போட்ட சூப்பும் தண்ணீரும் உதவும். நாலைந்து நாளில் பசி மங்கிவிடும். மலச்சிக்கல் வந்தால் காயைக் கூட்டுங்கள், இசப்கோல் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தேர்வு செய்யும்போதே காலண்டரைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும், வீட்டுக் கல்யாணமும் இந்தப் பதினைந்து நாளுக்குள் வரக் கூடாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது

பத்தியத்தை ஆரம்பிப்பதற்கு முன் சர்க்கரை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சோற்றை நிறுத்திவிட்டு, பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகக் கீழே இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். அளவை எவ்வளவு குறைப்பது, எத்தனை முறை குளுக்கோமீட்டரில் பார்ப்பது என்று எழுதி வாங்குங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடியும் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மாவுச்சத்து குறைந்த பத்தியத்தில் இவற்றைத் தொடர்ந்தால், மீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி; பத்தியம் தொடங்கும்போதே நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. எடை இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இறங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றினால் பிரஷர் மாத்திரையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எடையைக் குறைக்கப் போடும் ஊசிகளில் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தாலும், போட்டு நிறுத்தியிருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த ஊசிகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

கடைசி பிரியாணி

"இனிமே வாழ்க்கைல சாப்பிடவே முடியாதே" என்று ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் ஊரிலுள்ள ஓட்டல் எல்லாம் சுற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். நண்பர்களே அழைத்துப் போவார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் பத்தியத்தின் நடுவில் வரும் ஒரு பிரியாணியும் குலாப் ஜாமுனும் கல்லீரல் காலி செய்த கையிருப்பைத் திரும்ப நிரப்பிவிடும். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, கல்லீரல் வழிவிடவில்லை என்றால் சர்ஜன் பாதியில் நிறுத்தவும் நேரலாம். அப்புறம், பிரியாணி உங்களை விட்டு எங்கேயும் போகவில்லை. சில மாதங்கள் கழித்து நாலு ஸ்பூன் சாப்பிடத்தான் போகிறீர்கள். விடைபெற்றே ஆக வேண்டும் என்றால் பத்தியம் தொடங்கும் முன் ஒரு நாள், டிபன் தட்டில், மென்று சாப்பிடுங்கள். பத்தியத்தின் நடுவே தவறிச் சாப்பிட்டுவிட்டால் டயட்டீஷியனிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வேளையிலிருந்து தொடரலாம்.

வீட்டில் யாரிடம் என்ன சொல்வது

டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது வீட்டில் சமைப்பவரை, அம்மாவோ மனைவியோ கணவரோ மாமியாரோ, கூட அழைத்துப் போங்கள். நீங்கள் வந்து சொன்னால் "அவன் எதையோ சொல்றான்" என்று போய்விடும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் எடுபடும். "இன்னும் ஒரு கரண்டி" என்பது நம் வீடுகளில் அன்பு. வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும். அவர்களுக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்: நீர்மோர் கடைவது, சூப் வடிகட்டுவது, இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. தனியாகச் சாப்பிடுபவரைவிடப் பேசிக்கொண்டே சாப்பிடுபவருக்கு மெதுவாகச் சாப்பிடுவது எளிது.

ஆபரேஷன் முடிந்து வந்தால் முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்த கூழ், அப்புறம் மென்மையான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு என்பது பொதுவான வரிசை. மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறும். இந்த வரிசையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உடம்பு தேறட்டும் என்று மூன்றாம் நாளே ஆட்டுக்கால் சூப்பில் எலும்போடு கறியையும் போட்டுத் தரும் பாசத்தை அந்தத் தாள்தான் தடுக்கும்.

ஏப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருப்தியாக ஏப்பம் வந்தால்தான் சாப்பிட்டு முடித்தோம் என்று பழகியிருக்கிறோம். புது வயிறு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். நெஞ்செலும்புக்குக் கீழே லேசான இறுக்கம், ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிவது. அதுதான் நிறுத்த வேண்டிய இடம். "போதும்" என்ற உணர்வு எங்கே தொடங்குகிறது என்று இப்போதே பாதித் தட்டில் ஒரு நிமிடம் நிறுத்திக் கவனித்துப் பாருங்கள்.

முந்தைய நாளும் அன்று காலையும்

முந்தைய நாள் பெரும்பாலும் தெளிந்த திரவம் மட்டும்: வடிகட்டிய சூப், தெளிந்த ரசம், இளநீர், தண்ணீர். திட உணவைக் குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை மயக்க மருந்து டாக்டர் தனியாகச் சொல்வார். அந்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை எந்த மாத்திரையைப் போடலாம், எதை விட வேண்டும் என்பதையும் அதே சீட்டில் கேட்டு வாங்குங்கள். பால் கலந்த காபி ஒரு வாய் குடித்துவிட்டாலும் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: நீங்கள் சோதித்துப் பார்த்துப் பிடித்த புரதப் பவுடர் பாக்கெட்டுகள் இரண்டு மூன்று, அளவு கோடு போட்ட 30 மில்லி கப், உதட்டில் வைத்துக் குடித்துப் பழகிய அதே பாட்டில், அந்த நோட்டு. திரவம் குடிக்கத் தொடங்கும் முதல் நாளிலிருந்து எவ்வளவு உள்ளே போனது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கட்டங்களில் "ஏன் சாப்பிட்டேன்" என்பதை அடித்துவிட்டு, "எத்தனை மில்லி" என்று எழுதிக்கொள்ளலாம்.